போஸ்டரில் முகத்தைப் பார்க்காதீர்கள், அடியோரத்தைப் பாருங்கள்

கேள்வி: என் தாத்தா 1950களில் உடுமலைப்பேட்டைப் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தினார். 1960களின் கடைசியில் கொட்டகையைப் பிரித்துவிட்டார். அப்பா பிறகு டவுன் தியேட்டர் ஒன்றில் மேனேஜராக இருந்தார். இருவருமே இப்போது இல்லை. பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் கிடைத்தன. போஸ்டர்கள், கலர் காகித நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், வட்டமான தகர டப்பாக்கள் சில. மும்பை வியாபாரி ஒருவர் போட்டோ பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' போஸ்டர் ஒன்று புதுசுபோல் பளபளப்பாக இருக்கிறது, அதை மட்டும் லேமினேஷன் செய்து வீட்டில் மாட்டலாமா? அதே படத்துக்கு ஒரு ரோஸ் கலர் நோட்டீஸும் இருக்கிறது: "ஆகஸ்டு 15 சனிக்கிழமை முதல், தரை 19 ந.பை." வருஷம் போடவில்லை. கடைசியாக ஒன்று. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். இந்தப் பெட்டியைத் திறந்ததிலிருந்து, உங்களைப் போல பழைய சினிமா போஸ்டர்களை வாங்கி விற்கும் தொழில் மேல் எனக்கே ஆசை வந்துவிட்டது. இதை வைத்துப் பிழைக்க முடியுமா?
- பெயர் வேண்டாம், பொள்ளாச்சி

சகோதரிக்கு வணக்கம்.

விலை, மும்பைக்காரர் எல்லாம் அப்புறம். முதலில் அந்தத் தகர டப்பாக்களை வீட்டிலிருந்து வெளியே எடுங்கள். உள்ளே பிலிம் சுருள்தான் இருக்கும். 1950களின் தொடக்கம் வரை புழங்கியது நைட்ரேட் பிலிம். பழசாகிக் கெட்டுப்போனால் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளும், பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், ஆட்கள் படுக்கும் அறையிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள். வினிகர் வாடை அடித்தால் அது பின்னால் வந்த அசிடேட் பிலிம். அப்படிப் பற்றாது, ஆனால் கெட்டுக்கொண்டிருக்கிறது. எதுவானாலும் புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அது வியாபாரிகள் கைவைக்க வேண்டிய பொருள் இல்லை.

இப்போது அந்த ரோஸ் நோட்டீஸ். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

படம் வந்தது 1954ல். அதற்குப் பிறகு ஆகஸ்டு 15 சனிக்கிழமையில் விழுந்த ஆண்டுகள் 1959, 1964, 1970. தாத்தா கொட்டகையைப் பிரித்தது 1960களின் கடைசி என்பதால் 1970 அடிபட்டுப்போகிறது. மிச்சம் இரண்டு. 'ந.பை.' என்றால் நயா பைசா. அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. 1964 ஜூனில் அரசாங்கம் 'நயா'வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கியது. அந்த 19 என்ற எண்ணையும் கவனியுங்கள். புதிதாக விலை வைக்கிறவன் எவனும் 19 என்று வைக்க மாட்டான். பழைய மூன்றணா டிக்கெட்டை மாற்றினால் பதினெட்டேமுக்கால் வரும், அதை 19 ஆக்கியிருக்கிறார்கள். அணா வாசனை இன்னும் போகாத காலம் அது. ஆகவே 1959 என்றே நான் எழுதி வைப்பேன். படம் வந்து ஐந்து வருஷம் கழித்து, சுதந்திர தினத்தன்று, உடுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மண் தரையில் உட்கார்ந்து பார்க்க 19 காசு. ஒரு முழங்கூட நீளமில்லாத மட்டக் காகிதம் இவ்வளவையும் சொல்கிறது. மாட்டு வண்டியில் தமுக்கடித்துக்கொண்டு போய் வீசிய காகிதம் அது. பிள்ளைகள் பொறுக்கிக் கப்பல் விட்டுக் கிழித்தது போக மிஞ்சியது உங்கள் பெட்டியில் இருக்கிறது. போஸ்டரை எவனாவது ஒருவன் எங்காவது வைத்திருப்பான். ஒரு குறிப்பிட்ட கிராமத்துக் கொட்டகையின் நோட்டீஸுக்கு இரண்டாவது பிரதி கிடைப்பது அபூர்வம்.

பளபளப்பான போஸ்டருக்கு வருகிறேன். நீங்கள் போட்டோ அனுப்பவில்லை, ஆனால் 'புதுசுபோல்' என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம். எம்.ஜி.ஆர். படங்கள் தமிழ்நாட்டில் ஒருமுறை வந்து ஓய்ந்தவை அல்ல. ஏரியா வாரியாக உரிமை கைமாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் புது போஸ்டர் அடிப்பார்கள். உங்களிடம் இருப்பது அப்பாவின் டவுன் தியேட்டர் காலத்துச் சரக்காக இருக்கலாம். கண்டுபிடிக்க, நாயகன் முகத்தை விட்டுவிட்டுக் கீழே வாருங்கள்.

அடியோரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், பெரும்பாலும் சிவகாசி அல்லது சென்னை. ஊர்ப் பெயருக்குப் பிறகு ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்தப் போஸ்டர் 1972 ஆகஸ்டுக்கு முன் அச்சாகியிருக்க முடியாது. பின்கோடே அப்போதுதான் வந்தது. 'சென்னை-2' என்று பழைய அஞ்சல் வட்டார எண் மட்டும் இருந்தால் பழசாக இருக்க வாய்ப்புண்டு. பிறகு பட்டப்பெயர். 'புரட்சி நடிகர்' என்றிருந்தால் நல்ல சகுனம். 'புரட்சித் தலைவர்' என்றிருந்தால் அவர் தனிக்கட்சி கண்ட 1972க்குப் பிறகு. 'பாரத ரத்னா' என்றிருந்தால் 1988க்குப் பிறகு, அதாவது அவர் மறைவுக்கும் பின்னால். சென்சார் முத்திரையில் 'யு/ஏ' இருந்தால் 1983க்கு அப்புறம்.

எழுத்தையும் பாருங்கள். லை, னை, ணை, ளை நான்கும் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும் வரை தலைக்கு மேல் தும்பிக்கை வைத்த உருவத்தில்தான் பொதுவாக எழுதப்பட்டன. ஆனால் 'மலைக்கள்ளன்' என்ற பெரிய தலைப்பை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். மறுவெளியீட்டுக்காரர்கள் பழைய தலைப்பை அப்படியே போட்டோ எடுத்து ஒட்டிவிடுவார்கள். துணை நடிகர் பெயர், விநியோகஸ்தர் முகவரி, "தினசரி 4 காட்சிகள்" மாதிரியான சில்லறை எழுத்துக்களில்தான் ஆள் மாட்டிக்கொள்வார். தலைப்பில் தும்பிக்கை, அடியில் புது லை என்றால் கதை முடிந்தது. பெரியாரின் 'குடி அரசு' இதழ் 1935லிருந்தே புது எழுத்தில்தான் வந்தது என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்து சினிமா போஸ்டரில் அதைக் காண்பது அரிது.

அமெரிக்காக்காரனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1940லிருந்து அவர்களுடைய சினிமா போஸ்டர் விநியோகத்தைப் பெரும்பாலும் ஒரே நிறுவனம் கையில் வைத்திருந்தது. அடியோரத்தில் ஆண்டு, சாய்கோடு, வரிசை எண் மூன்றும் இருக்கும். மறுவெளியீடு என்றால் முன்னால் 'ஆர்' என்று ஓர் எழுத்து போட்டுவிடுவான். அளவும் 27க்கு 41 அங்குலம் என்று ஒரே மாதிரி. உங்கள் பெட்டியில் இங்கிலீஷ் படப் போஸ்டர் ஏதும் இருந்தால் அந்த எண்ணைத் தேடுங்கள். நம்மூர்ச் சரக்கில் நாமே துப்பறிய வேண்டியதுதான். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததும் அந்த வேலைதான், சம்பளம் இல்லாமலே செய்வேன்.

கையில் ஒரு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்வாரே அது போதும். பழைய லித்தோ, அதாவது கல்லச்சு, போஸ்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓவியரே தனித்தனிக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ கையால் வரைந்திருப்பார். லென்ஸில் பார்த்தால் நிறம் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்த மாதிரி ஒழுங்கில்லாத பொறியாக இருக்கும். நாயகியின் கன்னத்துச் சிவப்பு கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கும். படத்தைப் போட்டோ எடுத்துத் தகட்டில் ஏற்றி அச்சடிக்கும் ஆப்செட் முறை என்றால் வரிசை பிசகாத சின்னச் சின்னப் புள்ளிகள், பூ மாதிரி வட்டம் வட்டமாக. ஆப்செட் என்பதாலேயே போலி என்றாகிவிடாது, 1970களின் அசல்களில் நிறைய ஆப்செட்தான். ஆனால் 1954 என்று சொல்லி விற்கப்படும் ஒன்றில், கையால் தீட்டிய ஓவியம் முழுக்கப் புள்ளியாகத் தெரிந்தால் அது இன்னொரு போஸ்டரின் போட்டோ.

இன்னொரு சோதனைக்கு லென்ஸ்கூட வேண்டாம். அந்தக் காலத்தில் போஸ்டர்கள் பிலிம் சுருள் வரும் படப்பெட்டியோடு மடித்துத்தான் வரும். அசலில் மடிப்பு காகிதத்திலேயே இருக்கும். அசலைப் படம் பிடித்து அச்சடித்த நகலில் மடிப்புக் கோடும் சேர்ந்து அச்சாகியிருக்கும். கண்ணுக்கு மடிப்புத் தெரியும், விரலை ஓட்டினால் வழவழவென்று போகும். டிகாஷனில் நனைத்துப் பழுப்பாக்கிய சரக்கும் சந்தையில் உண்டு. காலம் பழுப்பாக்கினால் ஓரத்திலும் மடிப்பிலும் அதிகமாக இருக்கும், உள்பக்கம் வெளுத்திருக்கும். டிகாஷன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறியிருக்கும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மறுவெளியீடாகவே இருந்தாலும் வேண்டாம். சூடேற்றி ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதத்தைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது, லேமினேஷன் செய்த போஸ்டரை விவரமான எவரும் வாங்க மாட்டார். செல்லோ டேப்பும் அப்படித்தான், சில வருஷத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். கிழிசல் இருந்தால் இருக்கட்டும். சரிசெய்யும் முறை ஒன்று உண்டு: மெல்லிய ஜப்பான் காகிதத்தை மாவுப் பசையால் பின்னால் ஒட்டி, அதைத் துணியில் இழுத்துப் பிடித்துக் காய வைப்பார்கள். பின்னாளில் தண்ணீர் காட்டினால் பிரிந்து வந்துவிடும் என்பதுதான் அதன் அருமை. கற்றவர் செய்ய வேண்டிய வேலை, வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல ஸ்கேன் எடுத்துப் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள். அசலை வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், நாயகன் நீலமாகி நிற்பார்.

ஸ்கேன் என்றதும் ஒரு எச்சரிக்கை. காகிதம் உங்களுடையது, அதில் உள்ள ஓவியத்தின் உரிமை உங்களுடையது அல்ல. நம் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. வீட்டுச் சுவருக்கு ஒரு பிரிண்ட் போடுவது வேறு. அண்ணன் டி-ஷர்ட்டில் அடித்து விற்கலாம் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் ஆசை. வங்கி வேலையை விடாதீர்கள். இதைக் கேட்டு உற்சாகம் குறைந்தால் குறையட்டும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களில் பலரும் ஒரு செய்தியைப் படித்துவிட்டு வருகிறார்கள். ஜெர்மனியின் 'மெட்ரோபோலிஸ்' 1927 படத்தின் போஸ்டர் 2005ல் 6,90,000 டாலருக்கு விற்றது. உண்மைதான். உலகத்திலேயே நான்கு பிரதிகள்தான் இருப்பதாகத் தெரிந்த போஸ்டர் அது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் பக்கத்தில் மறுவெளியீட்டுப் போஸ்டர் நூறுகளில் விற்கும், முதல் வெளியீடு ஆயிரங்களில் விற்கும், அதையும் வாங்க ஆள் வருவதற்கு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ரெஸ்டாரண்டுக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு அசல் தேவையில்லை, நகலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே அனுப்பிவிடுவேன். எண்ணெய்ப் புகையில் அசலை மாட்ட எனக்கு மனம் வராது.

வாழ்க்கை எப்படி என்று கேட்டால், பாதி நாள் பஸ் ஸ்டாண்டில். ஒரு தியேட்டர் கல்யாண மண்டபமாக மாறப்போகிறது என்று காதில் விழுந்தால் கிளம்ப வேண்டும், அடுத்த வாரம் போனால் காயலான் கடைக்காரர் எடைக்குப் போட்டு எடுத்துப் போயிருப்பார். ஓனரைப் பார்ப்பதில் பெரிய பயனில்லை, அவருக்கு நிலத்தின் விலைதான் தெரியும். ஆபரேட்டரைத் தேடுங்கள், போஸ்டர் ஒட்டியவரைத் தேடுங்கள். மைதா மாவு காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, சைக்கிளில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். எந்தப் படத்துக்கு எத்தனை வகை போஸ்டர் வந்தது என்று எந்த நூலகத்திலும் கிடைக்காத விவரம் அவரிடம் இருக்கும்.

எல்லாரையும்விட முக்கியம் ரெப். விநியோகஸ்தர் ஆளாகப் படப்பெட்டியோடு தியேட்டருக்குப் போய், டிக்கெட் எண்ணி, விநியோகஸ்தரின் பங்கை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர். மிச்சமான போஸ்டர் அவர் பையில்தான் வீட்டுக்கு வரும். வந்ததும் அது என்ன ஆகும்? அலமாரித் தட்டில் விரிப்பார்கள், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவார்கள், பட்டுப்புடவைப் பெட்டியின் அடியில் போடுவார்கள். அந்த மூன்றாவதுதான் நமக்கு அதிர்ஷ்டம். வெளிச்சமும் ஈரமும் படாமல், நிறம் அச்சான அன்றுபோல் இருக்கும். ஒரு விஷயத்தில் நீங்கள் என்னைவிட ஒருபடி மேலே தொடங்குவீர்கள். பெட்டிச் சாவி வீட்டுப் பெண்களிடம்தான் இருக்கிறது. என்னைத் திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், உங்களை உள்ளே கூப்பிடுவார்கள்.

பயணத்தில் தூக்கிப்போக ஹார்டுவேர் கடையில் நான்கு அங்குல பிவிசி குழாயும் இரண்டு மூடியும் வாங்குங்கள், மடிப்பில்லாதவற்றை அதில் சுருட்டலாம். மடித்தே கிடந்து மொறமொறப்பானதைச் சுருட்டாதீர்கள், ஒடிந்துவிடும். இரண்டு கனத்த அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டுங்கள். ரயிலில் மேல் பெர்த் எடுங்கள், சாமானைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பணம் போடும் முன்பு ஒரு வருஷம் பார்த்துக்கொண்டே இருங்கள். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய மீரான் சாகிப் தெருவில் விநியோகஸ்தர் அலுவலகங்கள் நிறைந்திருந்தன, அங்கே வேலை பார்த்த பெரியவர்களோடு பேசுங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்குங்கள், வாங்க வேண்டாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த காகிதம்தான் அதன் அடித்தளம். அவர் 1992ல் காலமானார், சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல் அது சென்னையிலேயே நூலகமானது. பாட்டுப் புத்தகங்களை அங்கே போய்ப் பார்த்தால் உங்கள் பெட்டியில் உள்ளவை சாதாரணமா அபூர்வமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நோட்டீஸ் கட்டை அப்படி ஓர் இடத்துக்குக் கொடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள். 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காது, மிஞ்சியிருப்பது காகிதம்தான். வியாபாரி நானே சொல்கிறேன், சில சரக்கு தனித்தனியாகப் பிரிந்து போகக்கூடாது.

சட்டம் சுருக்கமாக. 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை விற்கத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும், தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. உங்கள் போஸ்டர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பெட்டியில் பழைய ரவிவர்மா அச்சுப் படங்கள் ஏதும் கலந்திருந்தால் தனியே எடுத்து வைத்துவிட்டு என்னிடம் கேளுங்கள். அவருடைய அச்சகம் தொடங்கியது 1894ல், ஆகவே அவற்றில் பலவும் நூறைத் தாண்டியவை.

மும்பைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அங்கே பழம்பொருள் விற்கும் சோர் பஜாரின் மட்டன் தெருவில் எனக்கு நெடுநாள் நண்பர்கள் உண்டு, கைமேல் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். அவர்களுக்குச் சந்தை இந்திப் படம். 2002ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்தி சினிமா விளம்பரக் கலையை வைத்துக் கண்காட்சி நடத்தியது, வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் அந்தப் பெயர்களைத்தான் கேட்கிறார்கள். தமிழ்ப் போஸ்டரைக் கட்டோடு வாங்கி, அதில் இரண்டோ மூன்றோ தெரிந்த முகங்களை எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே போட்டுவிடுவது அங்கே வழக்கம். அந்த மீதியில்தான் உங்கள் ரோஸ் நோட்டீஸ் இருக்கும்.

அண்ணனிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள். ஒவ்வொன்றையும் தரையில் வெள்ளை வேட்டி விரித்துப் போட்டு, முழுசாக ஒரு படம், அடியோரம் மட்டும் கிட்டத்தில் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுங்கள். நோட்டீஸ்களில் தேதி, கிழமை, டிக்கெட் விலை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் மும்பையிலிருந்து போன் வந்தால் தொகையைப் பற்றிப் பேச்சு வேண்டாம். எதெது வேண்டும், எதற்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலில் நோட்டீஸ்களையும் சேர்த்து எழுதியிருந்தால் அவர் விவரமானவர், உட்கார்ந்து பேசலாம். "மொத்தமாகத்தான் எடுப்பேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பெட்டியைப் பூட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.